கருத்தடை இம்ப்ளான்ட்: பயத்துக்குள் இருக்கும் கேள்விகள்

தோலுக்கடியில் வைக்கும் கருத்தடை இம்ப்ளான்ட் ஏறக்குறைய ஒரு தீக்குச்சி அளவுதான் இருக்கும். மேல்கையின் உட்புறத்தில், தோலை ஒட்டினாற்போல் வைப்பார்கள். விரலால் தடவினால் தட்டுப்படும், பார்வைக்குப் பெரும்பாலும் தெரியாது. அதிலிருந்து புரோஜெஸ்டோஜென் வகை ஹார்மோன் தினமும் மிகச் சிறிய அளவில் கசிந்து ரத்தத்தில் கலக்கிறது. அது கருமுட்டை வெளிவருவதைத் தடுக்கிறது. கருப்பை வாயில் இருக்கும் சளியையும் கெட்டியாக்கி, விந்தணு உள்ளே ஏறவிடாமல் செய்கிறது.

பரவலாகப் புழங்குவது இரண்டு வகை. ஒன்று, எட்டோனோஜெஸ்ட்ரெல் மருந்து 68 மி.கி. உள்ள ஒற்றைக் குச்சி. 4 செ.மீ. நீளம், 2 மி.மீ. தடிமன். இம்ப்ளனான், நெக்ஸ்பிளனான் என்ற பெயர்களில் வருவது இதுதான். 3 ஆண்டுக்கு என்று வைக்கப்படுகிறது. மற்றது ஜடெல். இதில் இரண்டு குச்சிகள், ஒவ்வொன்றிலும் 75 மி.கி. லெவோநார்ஜெஸ்ட்ரெல், 5 ஆண்டுக்குப் போதும். இலங்கையில் அரச குடும்பத் திட்டமிடல் சேவையில் ஜடெல் பழகிப்போன பெயர். இந்திய அரசுத் திட்டத்தில் ஒற்றைக் குச்சி அண்மையில்தான், சில மாநிலங்களின் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் நுழைந்திருக்கிறது.

அதனால் தமிழ்நாட்டில் இம்ப்ளான்ட் என்ற சொல்லைக் கேட்கும் பல பெண்கள், தங்களுக்குத் தெரிந்த குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனோடுதான் அதைப் பொருத்திப் பார்க்கிறார்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57.8 சதவீதம் பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆபரேஷன் செய்தால் அத்தோடு பிள்ளைப்பேறு முடிந்தது. இம்ப்ளான்ட் அப்படியல்ல, குச்சியை எடுத்த நாளோடு அதன் வேலை தீர்ந்துவிடும். இந்த ஒரு வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லாமல் விட்டாலே பாதி பயம் அங்கே முளைத்துவிடுகிறது.

தடுக்கும் திறனில் இதற்கு மேல் எதுவும் இல்லை. ஓராண்டு பயன்படுத்தும் 1000 பெண்களில் ஒருவருக்குத்தான் கரு தங்கும். மாத்திரையை நடைமுறையில் எல்லோரும் சாப்பிடுகிற மாதிரி, அவ்வப்போது மறந்து சாப்பிட்டால் 100 பேரில் 7 பேருக்கும், ஆணுறையில் 100 பேரில் 13 பேருக்கும் ஓராண்டில் கரு தங்குகிறது. ஆனால் எச்.ஐ.வி. போன்ற பால்வினை நோய்களை இம்ப்ளான்ட் தடுக்காது. அதற்கு ஆணுறைதான் வேண்டும்.

இவ்வளவு பலன் இருந்தும் பெண்கள் ஏன் தயங்குகிறார்கள், வைத்துக்கொண்டவர்களில் சிலர் ஏன் சில மாதங்களிலேயே எடுக்கச் சொல்கிறார்கள்? ‘அறியாமை’ என்று சொல்லி முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அது தவறு. ஊரில் உலவும் நம்பிக்கைகளில் பெரும்பாலானவை, யாரோ ஒரு பெண்ணின் உடம்பில் உண்மையாகவே நடந்த ஏதோ ஒன்றிலிருந்து கிளம்பியவை. அதற்குச் சரியான விளக்கம் கிடைக்காததால் அவர்களே ஒரு விளக்கத்தை உண்டாக்கிக்கொண்டார்கள்.

ரத்தப்போக்கு பற்றிய பேச்சு

பயங்களில் பெரியது மாதவிடாய் பற்றியது. இம்ப்ளான்ட் வைத்ததும் மாதவிடாயின் ஒழுங்கு மாறும். இது அபூர்வமான பக்கவிளைவு இல்லை, ஏறக்குறைய எல்லோருக்கும் ஏதாவது ஒரு மாற்றம் இருக்கும். ஒற்றைக் குச்சியை வைத்தவர்களின் ஆய்வுத் தகவல்களை மூன்று மாதக் கூறுகளாகப் பிரித்துப் பார்த்தபோது, சுமார் 22 சதவீதத்தில் ரத்தப்போக்கே இல்லை, 34 சதவீதத்தில் எப்போதாவது வந்தது, 18 சதவீதத்தில் ஒருமுறை வந்தால் பல நாள் நீடித்தது, 7 சதவீதத்தில் அடிக்கடி வந்தது. யாருக்கு எது நடக்கும் என்று முன்கூட்டியே சொல்ல வழியில்லை.

ரத்தம் வராமல் போனவர்களிடம் பிறக்கும் நம்பிக்கை: ‘கெட்ட ரத்தம் வெளியேறாமல் வயித்துக்குள்ள கட்டிக்கும், கட்டியாகும், உடம்பு சூடாகும்.’ மாதவிடாய் என்பது அழுக்கு கழிவது என்று சொல்லி வளர்க்கப்பட்ட பெண்ணுக்கு இது நியாயமான முடிவுதான். அதனால் ‘அதெல்லாம் மூடநம்பிக்கை’ என்று சொன்னால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். நடப்பதை விளக்க வேண்டும். கருத்தரிப்புக்காகக் கருப்பையின் உள்ளே ஒவ்வொரு மாதமும் ஒரு மெத்தை வளர்கிறது. கரு தங்காவிட்டால் அந்த மெத்தை உதிர்வதே மாதவிடாய். இம்ப்ளான்டில் உள்ள ஹார்மோன் மெத்தையைத் தடிக்க விடுவதில்லை. வளராதது உதிராது. உள்ளே தேங்குவதற்கு அங்கே ரத்தமே இல்லை. குழந்தைக்குப் பால் கொடுக்கும் மாதங்களில் மாதவிடாய் வராமல் இருந்ததை நினைவூட்டினால் பல பெண்களுக்குச் சட்டென்று புரியும்.

விட்டுவிட்டு ரத்தம் சொட்டுச்சொட்டாகப் படுவது வேறு வகைத் தொல்லை. மருத்துவக் கணக்கில் அது ‘ஆபத்தில்லாதது’. ஆனால் மாதவிலக்கு நாளில் பூஜை அறைக்குள்ளும் கோவிலுக்கும் போகாத வீட்டில், மாதத்தில் 12 நாள் லேசாகப் பட்டுக்கொண்டிருந்தால் அந்தப் பெண்ணின் அன்றாடமே குலைகிறது. தொழுகையையும் நோன்பையும் அந்த நாட்களில் நிறுத்தும் பெண்ணுக்கும் இதே சிக்கல்தான். வயலிலோ ஆலையிலோ வேலை செய்கிறவருக்குக் கழிவறையும் நாப்கினும் கவலை. கணவன் மனைவி உறவிலும் உரசல் வரும். ஆலோசனை சொல்பவர் ஹீமோகுளோபின் அளவோடு நின்றுவிடாமல் இவற்றையும் கேட்க வேண்டும். ஒற்றைக் குச்சி ஆய்வுகளில் இடையில் எடுத்துவிட்டவர்கள் சொன்ன காரணங்களில் ரத்தப்போக்குதான் முதலிடம், குச்சி வைத்தவர்களில் சுமார் 11 சதவீதம் பேர் அதற்காக எடுத்தார்கள். உடல் எடை, மனநிலை மாற்றம், தலைவலி, பரு எல்லாம் ஒவ்வொன்றும் 1 முதல் 2 சதவீத அளவில்தான்.

தொடர்ந்து படுவதற்கு மருந்து உண்டு. சாப்பிட்ட பிறகு இபுப்ரோஃபென் 800 மி.கி. அல்லது மெஃபனமிக் ஆசிட் 500 மி.கி., நாளுக்கு 3 முறை, 5 நாட்கள். இதில் அடங்காவிட்டால், ஈஸ்ட்ரோஜென் ஹார்மோன் ஒத்துக்கொள்கிறவர்களுக்கு, அதுவும் புரோஜெஸ்டோஜெனும் சேர்ந்த கூட்டு ஹார்மோன் மாத்திரையை நாளுக்கு ஒன்று வீதம் 21 நாட்கள் கொடுப்பார்கள். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களும் சிறு குழந்தைக்குப் பால் கொடுப்பவர்களும் இவற்றைத் தாங்களாகக் கடையில் வாங்கிச் சாப்பிடக் கூடாது, மருத்துவரிடம் கேட்டே எடுக்க வேண்டும். நிவாரணம் தற்காலிகமானது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நெடுநாள் ஒழுங்காக இருந்துவிட்டுத் திடீரென்று அதிகமாகப் பட்டால் வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

குச்சி நகர்ந்து நெஞ்சுக்குப் போகுமா?

சரியாகத் தோலுக்கடியில் வைத்த குச்சியைச் சுற்றி உடம்பு மெல்லிய நார் உறை ஒன்றைப் போர்த்திவிடும். அதன்பிறகு அது இருந்த இடத்திலேயே இருக்கும், மிஞ்சினால் சிறிதளவு நகரும். அதே சமயம், ஆழமாகத் தசைக்குள்ளோ ரத்தக் குழாய்க்குள்ளோ தவறி வைக்கப்பட்ட குச்சி நுரையீரல் ரத்தக் குழாய் வரை போன நிகழ்வுகள், மிக அரிதாக, மருத்துவப் பதிவுகளில் உண்டு. ‘அப்படி நடக்கவே நடக்காது’ என்று அடித்துச் சொல்வது பொய்யாகிவிடும். இதனால்தான் ஒற்றைக் குச்சியை வைக்கும் இடத்தைப் பற்றிய அறிவுரையை மாற்றினார்கள். முழங்கையின் உட்புற எலும்பு முனையிலிருந்து 8 முதல் 10 செ.மீ. மேலே, மேல்கையின் முன் தசைக்கும் பின் தசைக்கும் நடுவே ஓடும் பள்ளத்திலிருந்து 3 முதல் 5 செ.மீ. பின்னால் தள்ளி வைக்க வேண்டும். பெரிய ரத்தக் குழாய்களும் நரம்பும் அந்தப் பள்ளத்தை ஒட்டித்தான் போகின்றன.

பெண் தன் கையிலேயே செய்துபார்க்கக் கூடிய சோதனை ஒன்று உண்டு. குச்சியை வைத்தவுடன், கட்டுப் போடும் முன், வைத்தவர் தடவிப் பார்க்க வேண்டும், அவளையும் தடவிப் பார்க்கச் சொல்ல வேண்டும். இரண்டு முனையும் விரலுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால், எங்கே இருக்கிறது என்று உறுதியாகும் வரை வேறு கருத்தடை முறையைப் பயன்படுத்த வேண்டும். நெக்ஸ்பிளனானில் பேரியம் சல்ஃபேட் கலந்திருப்பதால் எக்ஸ்ரேயில் தெரியும்.

‘இனி பிள்ளையே பிறக்காது’ என்ற பயம் குறிப்பாக முதல் குழந்தைக்கு முன்பும், ஒரே குழந்தையோடு இருப்பவர்களிடமும் வலுவாக இருக்கிறது. ஒற்றைக் குச்சியை எடுத்தால் பெரும்பாலோரின் ரத்தத்தில் ஒரு வாரத்திலேயே மருந்து தென்படாமல் போகிறது. கருமுட்டை வெளிவருவது சில வாரங்களில் திரும்பிவிடுகிறது. எடுத்த மாதமே கரு தங்கலாம், அதனால் பிள்ளை வேண்டாம் என்றால் அன்றைக்கே அடுத்த முறையைத் தொடங்கிவிட வேண்டும். இந்தப் பயம் பெரும்பாலும் மூன்று மாதக் கருத்தடை ஊசியோடு ஏற்படும் குழப்பத்தால் வருகிறது. அந்த ஊசியை நிறுத்திய பின் கரு தங்கச் சில மாதங்கள் தாமதமாவது உண்மை. ஊசி போட்ட அக்காவின் அனுபவம் குச்சி வைக்கப்போகும் தங்கையைப் பயமுறுத்துகிறது.

எடை பற்றி: அமெரிக்க ஆய்வுகளில் ஒற்றைக் குச்சியை வைத்தவர்களுக்குச் சராசரியாக முதலாண்டில் 1.3 கிலோ, இரண்டு ஆண்டில் 1.7 கிலோ கூடியது. இதில் எவ்வளவு குச்சியால், எவ்வளவு வயதால் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பாரம் தூக்கினால் கைக்குள் முறிந்துவிடுமா என்றும் கேட்பார்கள். காயம் ஆறியபின் தண்ணீர்க் குடம் தூக்கலாம், நாற்று நடலாம், எந்த வேலையும் செய்யலாம். குச்சி வளையும். அரிதாக வளைந்தோ முறிந்தோ போனால் எடுக்கும்போது சற்றுச் சிரமம் வரலாம். தாய்ப்பால் குறையாது.

குச்சி ஆகாதவர்களும் இருக்கிறார்கள். மார்பகப் புற்றுநோய் உள்ளவர்கள் வைக்கவே கூடாது. காரணம் தெரியாத ரத்தப்போக்கு, கடுமையான கல்லீரல் நோய் இருந்தால் முதலில் மருத்துவர் பார்த்தாக வேண்டும். பலரும் கேட்கத் தவறுவது மருந்துகளைப் பற்றித்தான். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிட்டாயின், கார்பமஸெபின், ஃபீனோபார்பிட்டால், எச்.ஐ.வி.க்கான எஃபாவிரென்ஸ் ஆகியவை கல்லீரலைத் தூண்டி ஹார்மோனை வேகமாகச் சிதைத்துவிடும். குச்சி கையில் இருக்கும்போதே கரு தங்கலாம். ஊரில் ஒருத்திக்கு இப்படி நடந்தால் ‘குச்சி வேலை செய்யாது’ என்று பத்துப் பேர் நம்புவார்கள், அவள் ஆறு மாதம் காசநோய் மாத்திரை சாப்பிட்டது யார் கணக்கிலும் வராது.

அவநம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு

முதலில் வந்த இம்ப்ளான்ட் நார்பிளான்ட். இதில் ஆறு குழல்கள் இருந்தன. 1983-இல் பின்லாந்து முதலில் அனுமதித்தது, 1990 டிசம்பரில் அமெரிக்கா. ஒரு மாதத்துக்குள், 1991 ஜனவரியில், கலிஃபோர்னியாவில் ஒரு நீதிபதி குற்றவாளிப் பெண் ஒருவருக்கு நார்பிளான்ட் வைத்துக்கொள்வதையே நன்னடத்தை விடுதலைக்கு நிபந்தனையாக்கினார். ஆறு குழல்களையும் தேடி எடுப்பது கடினமாக இருந்தது. அமெரிக்காவில் பல்லாயிரம் பெண்கள் வழக்குப் போட்டார்கள், 2002-இல் அங்கே அதைக் கைவிட்டார்கள். அந்தக் காலத்தில் இந்தியப் பெண்கள் அமைப்புகளும், விளக்கமும் தொடர் கவனிப்பும் இல்லாத இடத்தில் இதைக் கொண்டுவரக் கூடாது என்று எதிர்த்தன. 2013-இல் இலங்கையின் கிளிநொச்சி மாவட்டக் கிராமங்களில் தமிழ்ப் பெண்களுக்கு முறையான சம்மதமில்லாமல் இம்ப்ளான்ட் வைக்கப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. போரில் பிள்ளைகளை இழந்த மண்ணில் அப்படி ஒரு செய்தி எவ்வளவு ஆழமாகப் பதியும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பெண் ‘யாருக்காக இதை எனக்கு வைக்கச் சொல்றீங்க?’ என்று கேட்டால், அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் கொடுக்க வேண்டிய கடமை எதிரில் இருப்பவருக்கு இருக்கிறது.

ஆலோசனை என்றால் என்ன?

ஒரு பெண்ணைச் சம்மதிக்க வைப்பதல்ல ஆலோசனை. அவள் எல்லாம் தெரிந்து ‘வேண்டாம்’ என்று எழுந்து போனாலும் அது நல்ல ஆலோசனைதான்.

தொடங்க வேண்டியது கேள்வியில். எத்தனை ஆண்டு பிள்ளை வேண்டாம் என்று நினைக்கிறாள், மாதவிடாய் தவறினால் அவளுக்கு எப்படி இருக்கும், என்னென்ன மருந்து சாப்பிடுகிறாள். பிறகு, ‘இதைப் பத்தி நீங்க என்ன கேள்விப்பட்டிருக்கீங்க, சொல்லுங்கம்மா.’ இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக் காத்திருக்க வேண்டும். அவள் சொல்லும் வதந்திக்கு உடனே மறுப்புச் சொல்லாமல், யாருக்கு நடந்தது, என்ன நடந்தது என்று விசாரிக்க வேண்டும். மாதிரிக் குச்சி ஒன்றைக் கையில் கொடுத்து வளைத்துப் பார்க்கச் சொல்வது, பத்து நிமிடப் பேச்சைவிடப் பயன்படும்.

ஆலோசனையில் அதிகம் கெடுதல் செய்யும் வாக்கியம் ‘ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க’ என்பதுதான். பரிவோடுதான் சொல்கிறார்கள். ஆனால் மூன்றாம் மாதம் 15 நாள் தொடர்ந்து பட்டால் அவள் இரண்டு முடிவுக்கு வருவாள்: என் உடம்பில் ஏதோ கெட்டுவிட்டது, அந்த நர்ஸம்மா பொய் சொல்லிவிட்டார். ‘மாதவிடாய் மாறும். நிற்கலாம், கூடலாம், கண்ட நாளில் வரலாம். பிடிக்கவில்லை என்றால் மருந்து இருக்கிறது, அதிலும் சரியாகவில்லை என்றால் எடுத்துவிடலாம்’ என்று முன்னமே கேட்டவளுக்கு அதே 15 நாள் எதிர்பார்த்த ஒன்றாக இருக்கும்.

ஆலோசனையின் தரத்தை அளக்க உலக அளவில் பயன்படும் கேள்விகள் எளியவை. வேறு முறைகளைப் பற்றிச் சொன்னார்களா? பக்கவிளைவுகளைச் சொன்னார்களா? அவை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொன்னார்களா? பிற்பாடு நான்காவதும் சேர்ந்தது: பிடிக்காவிட்டால் வேறு முறைக்கு மாறலாம் என்று சொன்னார்களா? நான்கில் ஒன்றுக்கு ‘இல்லை’ என்றாலும் அந்தப் பெண் குச்சிக்கு இன்னும் தயாராகவில்லை.

பேசும் இடமும் நேரமும் முக்கியம். மாமியார் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போது ஒரு பெண் மனதில் உள்ளதைக் கேட்கமாட்டாள். கணவரோடு வர விரும்பினால் வரட்டும், ஆனால் சில நிமிடமாவது அவளோடு தனியாகப் பேச வேண்டும். பிரசவம் ஆன கையோடு குச்சி வைக்கலாம்தான், அதற்கான பேச்சு கர்ப்பகாலப் பரிசோதனைகளிலேயே முடிந்திருக்க வேண்டும். பிரசவ வலியில் துடிக்கும்போது வாங்கிய கையெழுத்து சம்மதமே ஆகாது. கிராம சுகாதார செவிலியர், மருத்துவ மாது போன்றவர்களுக்கு ‘இந்த மாதம் இத்தனை பேர்’ என்று இலக்கு வைத்தால் மேலே சொன்ன எதுவும் நடக்காது.

வைப்பதும் எடுப்பதும்

கர்ப்பம் இல்லை என்பது உறுதியானால் எந்த நாளிலும் வைக்கலாம். மாதவிடாய் தொடங்கிய 5 நாளுக்குள் ஒற்றைக் குச்சி, 7 நாளுக்குள் ஜடெல் என்றால் உடனே பாதுகாப்பு. அதற்குப் பிந்தினால் 7 நாள் ஆணுறை வேண்டும். அதிகம் புழங்காத கையில், மரத்துப்போகும் ஊசி போட்டு, சில நிமிடங்களில் வைத்துவிடுவார்கள். தையல் இல்லை. 4 நாள் அந்த இடத்தில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். துணிக்கட்டை 2 நாளில் எடுக்கலாம், ஒட்டுப் பிளாஸ்திரியைக் காயம் மூடிய பின் 3 முதல் 5 நாளில். லேசான வீக்கமும் கன்றிப்போதலும் இயல்பு. சீழ், சூடு, அதிகரிக்கும் வலி, குச்சி வெளியே எட்டிப்பார்ப்பது என்றால் உடனே வர வேண்டும். குச்சி இருந்தும் கர்ப்பம் என்று சந்தேகம் வந்து அடிவயிறும் வலித்தால் தாமதிக்கவே கூடாது, கரு கருப்பைக்கு வெளியே, கருக்குழாயில் தங்கியிருக்கலாம்.

கையில் ஓர் அட்டை கொடுப்பார்கள். குச்சியின் பெயர், வைத்த தேதி, எந்தக் கை, எடுக்க வேண்டிய தேதி எல்லாம் அதில் இருக்க வேண்டும். குடும்ப அட்டையோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

வைப்பதைவிட எடுப்பதற்குத்தான் கைப்பழக்கம் அதிகம் வேண்டும். மரத்துப்போகும் ஊசியைக் குச்சியின் முனைக்கு அடியில் போட்டு, ஒரு முனையை அழுத்தி மறுமுனையை மேலே எழுப்பி, அங்கே 2 மி.மீ. கீறி, நார் உறையைப் பிரித்து இழுக்க வேண்டும். எத்தியோப்பியாவில் 2009 முதல் கிராம சுகாதாரப் பணியாளர்களுக்குக் குச்சி வைக்கக் கற்றுக்கொடுத்தார்கள், எடுக்கவோ அடுத்த நிலை மையத்துக்குப் போக வேண்டியிருந்தது. 2013-இல் உற்பத்தியாளர்களோடு செய்த உடன்பாட்டில் ஏழை நாடுகளுக்கு ஜடெலின் விலை 18 டாலரிலிருந்து 8.50 டாலராகக் குறைந்தது. ஆப்பிரிக்காவில் குச்சி வைத்தவர்கள் பெருகினார்கள், எடுக்கத் தெரிந்தவர்கள் அந்த வேகத்தில் பெருகவில்லை. எடுக்க வந்த பெண்ணை ‘இன்னும் இரண்டு வருஷம் இருக்கே, பொறுத்துக்கோ’ என்று திருப்பி அனுப்பினால், அவள் ஊருக்குப் போய்ச் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: வச்சா எடுக்கமாட்டாங்க. அந்த வதந்தியை எந்த ஆலோசகராலும் பிறகு மறுக்க முடியாது, ஏனென்றால் அது உண்மை.

ஆகவே வைத்துக்கொள்ளும் முன் பெண் கேட்க வேண்டிய கேள்வி: ‘எனக்கு வேண்டாம்னு தோணுற அன்னிக்கு, எங்க வரணும், யார் எடுப்பாங்க, எவ்வளவு செலவாகும்?’ அந்த நிலையத்திலேயே எடுக்க ஆள் இருக்க வேண்டும், அல்லது போய்வரக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும். விரலுக்குத் தட்டுப்படாத குச்சியைக் கையைக் கீறித் தேடாமல், முதலில் ஸ்கேனில் இடம் கண்டுபிடித்து, பழகிய மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். காலம் முடிந்து வருபவர் தொடர விரும்பினால் அதே கீறல் வழியாகப் புதுக் குச்சியை வைத்துவிடலாம். இடையில் வருபவரிடம் காரணம் கேட்கலாம், மருந்து இருக்கிறது என்று சொல்லலாம். அதன்பிறகும் ‘எடுத்துடுங்க’ என்றால் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும்.